பூனைதின்னி வீட்டுக்கு வழி

ஆங்கிலத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து ஃபெயிலான ஒருத்தியைக் கூப்பிட்டு வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. என்னை எழுதச் சொன்ன கஸ்பரே மாமாவையும் குற்றம் சொல்ல முடியாது. இத்தாலியின் தெற்குக் கடலில் இருக்கும் எங்கள் தீவில் குளிர்காலத்திலும் தங்குகிறவர்கள் முந்நூறு பேர். அதில் பாதிப் பேருக்குக் கண் சரியில்லை, மீதிப் பேருக்கு நேரமில்லை. நேரத்தை மட்டுமே சொத்தாக வைத்திருந்தவள் நான். எதிர்க்கரையிலிருக்கும் திராப்பனி நகரத்தில் ஹோட்டல் தொழில் சொல்லித் தரும் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் அவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் ரொட்டிக் கடையில் நிற்கிறேன். 'நிற்கிறாள்' என்பதுதான் அம்மா சொல்வது. வேலை செய்கிறாள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் பெயர் நொயேமி. வயது பதினேழு. தபால்காரர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு மரண அறிவிப்பு அடித்துச் சுவரெல்லாம் ஒட்டியது நான்தான். இரண்டு மலர் வளையம் வந்தது. 'இத்தனை வருஷம் கடிதம் கொடுத்ததுக்கு ரெண்டே ரெண்டா' என்று அவர் இன்னும் ஊரோடு பேசுவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வருகிற விஷயத்தைப் படித்துவிட்டு, 'பாவம், சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

கஸ்பரே மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் சொந்தப் படகில் மீன் பிடித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலையை இழுக்கும்போது முதுகில் ஏதோ பிசகி, டாக்டர் கடலையே மறந்துவிடச் சொல்லிவிட்டார். படகை விற்ற பணத்தில் மாடி அறையைப் புதுப்பித்தார். ஜன்னலுக்கு மூன்று முறை நீலம் அடித்தார், மூன்றும் வேறு வேறு நீலம். பாத்திரம் துடைக்கும் துணியைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைக்கிற மனிதர். தினமும் காலை ஏழு மணிக்குக் கடைக்கு வருவார். ரொட்டியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். "நேத்தையவிட மோசம், சான்த்தா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அதையே வாங்கிப் போவார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பி வந்த அன்று, 'ஏன்' என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். துறைமுகத்தில் பையோடு நின்றவளின் கையில் ஒரு பேய்க்கணவாயைக் கொடுத்தார். "பாறையில அடி. நாப்பது தடவ அடிச்சாத்தான் மெதுவாகும்" என்றார். அழுதுகொண்டே அடித்தேன். நூறு தடவைக்கு மேல் இருக்கும். கடைசியில் அதை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும்டி, கஞ்சியாயிடப் போகுது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் செய்கிற மாதிரி என் கை கால்கள் பழகிவிட்டன. வாய் மட்டும் பழகவில்லை.

இனி அந்தப் பெயர். எங்கள் தீவில் குடும்பப் பெயர்கள் மொத்தமே ஏழு. கஸ்பரே என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, தாத்தா காலத்தில் யாரோ வைத்தது. எங்கள் வீடு 'ஓட்டைச் சட்டி'. எங்களிடம் ரகசியம் தங்காது என்று அர்த்தம், பொய் என்று சொல்ல முடியவில்லை. பட்டப்பெயருக்கு ஒரே ஒரு விதிதான். முதுகுக்குப் பின்னால் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம், முகத்துக்கு நேரே ஒரு தரம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் ரத்தம் வரும். கஸ்பரே மாமாவின் அப்பாவிடம் ஒருவன் சொல்லப்போய், துடுப்பால் அடி வாங்கி மூன்று பல் போனது.

அவர்கள் வீட்டுப் பெயர் பூனைதின்னி. போர்க் காலத்தில் வெளியிலிருந்து கப்பலே வராத ஒரு மாதம், ஊரில் எந்த அடுப்பும் எரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தாத்தா வீட்டிலிருந்து மட்டும் குழம்பு வாசனை வந்ததாம். அன்றிலிருந்து பாதிரியாரின் பூனையைக் காணவில்லையாம்.

இங்கே எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பூனை படுத்திருக்கும். அவர் வாசலில் மட்டும் இருக்காது. வந்தால் விரட்டிவிடுவார். அவர் ஒரு பூனையைத் தடவிக் கொடுத்தால்கூடப் போகிறவர்கள் வருகிறவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள் அல்லவா? ஆனால் பின்பக்கத்துத் தகரக் கூரையில், தினமும் விடிந்தும் விடியாமலும், மீன் தலைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு நாலாபக்கமும் பார்த்துவிட்டு இறங்குவார். ரொட்டி அடுப்புக்கு விறகு எடுக்கப் போகும்போது நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓட்டைச் சட்டிக் குடும்பத்தில் பிறந்தும் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

மார்ச் மாதம் மாடி அறையை என் போனில் விளம்பரம் போட்டோம். நாலு படம். ஒன்றில் மாமா வாசலில் நின்று சிரித்தார். ஒன்றில் என் கட்டை விரல் பாதி ஜன்னலை மறைத்திருந்தது. ஒரே ஒருத்தி பதில் எழுதினாள். ஜார்ஜியா நாட்டில் குத்தாய்சி என்ற ஊரிலிருந்து நானுலி என்ற அம்மா. கணவர் நோதார், டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தாலி மொழி ஒரு வார்த்தை தெரியாது, கையில் பணமும் அதிகமில்லை, கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது, ஒரு தீவைப் பார்க்க வேண்டும். அவள் எழுதுவதை அவள் போன் ஆங்கிலமாக்கும், அதை என் போன் இத்தாலியாக்கும், அதை நான் மாமாவுக்கு வாசிப்பேன். அவர் சொல்வதை அதே வழியில் திருப்பி அனுப்புவேன்.

கேள்விகள் நாற்பதுக்குக் குறையாது. துறைமுகத்திலிருந்து எத்தனை படி ஏற வேண்டும்? குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? கடலில் இறங்கக் காசு கேட்பார்களா? சமையல் நாமே செய்யலாமா? உப்பு இருக்குமா, கொண்டு வரவா?

உப்புக் கேள்வியில் மாமா விழுந்துவிட்டார். "உப்பு கேக்கறா பாரு. வீட்ட நடத்தத் தெரிஞ்ச பொம்பள. எழுது, எதிர்க்கரையில விளையறதே உப்புதான், மூட்டை கணக்குல இருக்குன்னு எழுது. அடுப்புல நாலு பர்னர்னு எழுது."

"ரெண்டுதானே மாமா எரியும்?"

"இருக்கறது நாலுதானே? எரியுதான்னு அவ கேட்டாளா?"

ஒவ்வொரு பதிலையும் மூன்று முறை திருத்தச் சொல்வார். ஏப்ரலில் ஒரு நாள் பார்த்தோலோவின் காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். பார்த்தோலோ காப்பிக் கடைக்காரர், திருவிழாவில் மாதா சிலையைத் தூக்குகிறவர்களுக்குத் தலைவர், ஊரில் யார் என்ன செய்தாலும் அதற்குக் கருத்துச் சொல்கிறவர்.

"என்ன கஸ்பரே, செக்ரட்டரி வெச்சுட்ட போல?"

"ஆமா. சமையல் பள்ளிக்கூடத்துல வெந்நீர் வெக்கறதுல ஃபெயிலானவ. அடுப்பப் பத்தி இவள எழுத வெக்கறேன் பாரு, எனக்கு எவ்வளவு துணிச்சல்!"

கடையே சிரித்தது. நானும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அது என் பழைய வித்தை. வீட்டுக்கு வந்தபோது நானுலியின் புதுக் கேள்வி காத்திருந்தது: 'வீட்டு முகவரி என்ன? எங்கள் போன் அங்கே வேலை செய்யாது.' மாமா எப்போதோ சொல்லிவைத்த பதில் தயாராக இருந்தது: துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அதையே எழுதினேன். கூடவே ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

'பூனைதின்னி வீடு எங்கே என்று கேளுங்கள்.'

எங்கள் ஊர்ப் பேச்சு போனுக்குத் தெரியாது. ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டது. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு மறந்துபோனேன். நாற்பது கேள்வி கேட்கிறவர்கள் வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. கணக்கிலும் நான் ஃபெயில்தான், சொல்ல மறந்துவிட்டேன்.

நானுலியும் அதோடு மௌனமானாள். மே போயிற்று, ஜூன் போயிற்று. மொட்டை மாடியும் பூந்தொட்டியும் வைத்த வீடுகளுக்கெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மூன்று நீலம் அடித்த ஜன்னல் மட்டும் மூடியே கிடந்தது. ஜூலைக் கடைசியில் ஒரு காலை, மாமா ரொட்டியை அழுத்திப் பார்க்காமல் வாங்கினார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நினெத்தா போன் பண்ணினா, சான்த்தா." வடக்கே தூரினோ நகரத்தில் இருக்கும் அவருடைய அக்கா. "சமையலறைக்குப் பின்னால ஒரு ரூம் காலியா இருக்காம். தனியா அங்க கெடந்து என்ன பண்றேன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"மாதா திருவிழா வரைக்கும் பாக்கறேன்னு சொன்னேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து அந்தக் கட்டில்ல படுத்துட்டாங்கன்னா இருக்கேன். கடலுக்கும் ஆகல, வீட்டுக்கு வர்றதுக்கும் ஆளில்லன்னா, அப்புறம் நான் இங்க எதுக்கு? ஆகஸ்ட் பதினாறாம் தேதி படகு."

அம்மா ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். நான் போனைத் திறந்து பார்த்தேன். நானுலியிடமிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி மத்தியானம் போன் மினுங்கியது. 'டிக்கெட் விலை குறைந்தது, வாங்கிவிட்டோம். விமான நிலையத்தில் இருக்கிறோம். பன்னிரண்டாம் தேதி காலை தீவில் இருப்போம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நானுலி.'

ஓடிப்போய் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்த படுக்கை விரிப்பை மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தெருவில், எனக்கு ஏப்ரல் மாதம் ஞாபகம் வந்தது. போனைத் திறந்து மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது.

'பெயரை மாற்றிவிட்டோம், கஸ்பரே வீடு என்று கேளுங்கள்' என்று பதினொரு முறை அனுப்பினேன். பதினொன்றும் அவளைப் போய்ச் சேரவில்லை.

சரி, திட்டம் போட்டேன். வேகப் படகு பதினொரு மணிக்கு வரும். துறைமுகத்தில் நானே நிற்க வேண்டியது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டியது. மாமா எக்காரணம் கொண்டும் வரக் கூடாது. "வீட்டுக்காரர் வாசல்ல நின்னு வரவேற்கறதுதான் மரியாத மாமா, பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாங்க" என்றேன்.

"அதுல நீ பாஸா?"

"அதுல மட்டும்."

என் திட்டத்தில் ஓட்டையே இல்லை, சரக்குக் கப்பலைத் தவிர. காஸ் சிலிண்டர், வெங்காயம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடி ஒன்பதரைக்கு வரும். தீவில் பிறந்தவர்கள், கூடவே ஒரு ஃபிரிட்ஜோ சவப்பெட்டியோ இருந்தால்தான் அதில் ஏறுவோம். உல்லாசமாக ஊர் பார்க்க வருகிறவர்கள் அதில் வருவார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. ஆனால் அதில் டிக்கெட் பாதி விலை. நானுலி நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

பத்தேகாலுக்கு அம்மா மூச்சு வாங்கக் கடைக்குள் வந்தாள்.

"சதுக்கத்துல வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு ஒரு காகிதத்தத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாடி உனக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீயா?"

"நான்தான்."

அம்மா அடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சதுக்கத்தில் நான் பார்த்தது இது. தொப்பி போட்ட குண்டு மனிதர் பெட்டிமேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். குட்டையான ஒரு அம்மா, பூப்போட்ட சட்டை, நெஞ்சுக்கு நேரே ஒரு வெள்ளைத்தாள். அதில் தடித்த எழுத்தில், அழகாக, பள்ளிக்கூட டீச்சர் எழுத்தில்: பூனைதின்னி வீடு எங்கே? ஒவ்வொருவரிடமும் போய்ச் சிரித்த முகத்தோடு நீட்டுகிறாள். வலை பின்னுகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். மருந்துக் கடைக்காரம்மா செருப்பைப் பார்க்கிறாள். பார்த்தோலோ ஒரே கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். வீட்டைக் காட்டினால் அந்தப் பெயர் தெரியும் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே, முந்நூறு பேருக்கும் தெரிந்த வீடு, அன்று காலை ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் பாய்ந்து போவதற்குள் எதிர்ச் சந்திலிருந்து கஸ்பரே மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, ஈரம் காயாத தலைமுடி. அவருக்கு வாசலில் பொறுமையாக நிற்க முடியவில்லையாம். தாளைப் படித்தார். கால் நின்றது.

பார்த்தோலோவின் கையில் கிளாஸ்கூட நின்றுவிட்டது. நானுலிக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. விளம்பரப் படத்தில் பார்த்த முகம். கண்கள் மலர்ந்தன. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள்.

"வணக்கம், ஐயா பூனைதின்னி!"

இரண்டு கன்னத்திலும் முத்தம். பிறகு பெட்டியைத் திறந்து, மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து, உதறி விரித்தாள். ஒரு மேசை விரிப்பு. சுற்றிலும் திராட்சைக் கொடி, மயில். நடுவில் சிவப்பு நூலில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்துக்கு, அந்தப் பெயர். இத்தனை மாதம் அவள் ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரிந்தது. தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாமா அதை வாங்கிக்கொண்டார். மடித்தார், ஓரம் ஓரத்தோடு சேர, அவருக்கே உரிய சுத்தத்தோடு. முதுகு வலியை மறந்து பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னைத் தாண்டும்போது கண் ஒரு முறை என்மேல் பட்டது. என்னை நானே பாறையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுப் பின்கதவில் போய் நின்றேன்.

"மாமா, நான்தான் எழுதினேன். நானே அவங்ககிட்டச் சொல்லிடறேன், அது பேரில்லன்னு."

"வாயத் தொறந்த, தொலச்சுடுவேன்." குரலை உயர்த்தவே இல்லை. "வெங்காய மூட்டைமேல உக்காந்து வந்திருக்கா. உக்காந்து உக்காந்து தெச்சிருக்கா. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள வெக்கத்துல செத்துருவா. அவங்க போற வரைக்கும் நான் பூனைதின்னிதான்."

"அப்ப... ஆள் வந்துட்டாங்க இல்ல மாமா? கட்டில்ல படுத்துட்டாங்க இல்ல? நீங்க போக மாட்டீங்கதானே?"

"சதுக்கத்துல அவ்வளவு பேர் முன்னால நின்னுட்டேன். இனிமே இங்க எந்த மூஞ்சிய வெச்சுட்டு ரொட்டி வாங்க வர்றது? பதினாறாம் தேதி போறேன். அவங்க பத்தொம்பது வரைக்கும் இருக்கட்டும். சாவிய உங்கம்மாகிட்டக் குடுக்கறேன்." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "தின்னாங்கடி, நெசம்தான். எங்கப்பாவுக்கு அப்ப நாலு வயசு. கூட நாலு பசங்க. அஞ்சு பேரும் பொழச்சாங்க. இதுல ஊருக்கு எங்க சிரிப்பு வந்துதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

ஏப்ரலில் வயிறு வலிக்கச் சிரித்தவள் நான்.

அடுத்த இரண்டு நாளும் நானுலியும் நோதாரும் சொர்க்கத்தில் இருந்தார்கள். நோட்டைப் பார்த்து முப்பது வார்த்தை பேசினாள், மீதியைக் கையால் பேசினாள். இரண்டு பர்னரில் நாலு பர்னர் சமையல் செய்து மாமாவுக்கும் ஊட்டாத குறை. நோதார் கடலில் இறங்கி, கழுத்துவரை தண்ணீரில், தொப்பியைக் கழற்றாமல் மணிக்கணக்கில் நின்றார். மீன் தலைகளை நானுலி முன்வாசலிலேயே போட்டாள். பின்கூரைப் பூனைகள் ஏழும் நடுத்தெருவில் வரிசையாக உட்கார்ந்து தின்றன. மாமா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, விரட்டக் கை தூக்கி, அப்படியே இறக்கிக்கொண்டார். கூடத்தில் மாமாவின் பழுப்புப் பெட்டி திறந்து, பாதி நிரம்பிக் கிடந்தது.

பதினைந்தாம் தேதி மாதா பவனி. வெயில் தாழ்ந்ததும் சிலை கோயிலிலிருந்து புறப்படும். வழியிலிருக்கும் வீடுகள் எல்லாம் தங்களிடம் இருப்பதிலேயே நல்ல துணியைப் பால்கனியில் தொங்கவிடும். துணி தொங்கும் வீட்டின் முன்னால் தூக்குகிறவர்கள் நிற்பார்கள். தலைவர் கைமணியை அடித்து அந்த வீட்டின் பெயரைச் சொல்ல, சிலையை ஒரு முறை தலைக்கு மேலே உயர்த்துவார்கள். மாமாவின் அம்மா இறந்து ஒன்பது வருஷமாக அந்தப் பால்கனியில் துணி கிடையாது. பவனி அங்கே நிற்காமல் போய்விடும்.

நான் சிலைக்கு முன்னால் ரொட்டிக் கூடையோடு போய்க்கொண்டிருந்தேன். பாவம் செய்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை, அம்மாவின் ஏற்பாடு. மாமாவின் தெரு முனை திரும்பியதும் மேலே பார்த்தேன். எல்லாப் பால்கனியிலும் பட்டும் பூவேலையும் தொங்குகின்றன. மாமாவின் பால்கனியில், திராட்சைக் கொடிக்கும் மயிலுக்கும் நடுவில், சிவப்பு எழுத்தில், தெருவே படிக்கிற மாதிரி, பூனைதின்னி. எல்லா வீட்டிலும் தொங்குகிறதே, பாவம், இந்த மனிதரிடம் ஒன்றும் இல்லையே என்று நானுலி நினைத்திருக்கிறாள். அவளும் நோதாரும் பக்கத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டிரண்டு படியாக ஏறிப் பால்கனிக்குப் போய்த் துணியின் ஓரத்தைப் பிடித்தேன். அதற்குள் கீழே இசை நின்றுவிட்டது. ஊர் முழுக்கக் கீழே நின்றது. என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மாமா. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கயிறு இன்னும் அவர் தோளில் இருந்தது.

துணியைப் பார்த்தார். நானுலியைப் பார்த்தார். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"விடுடி" என்றார் என்னிடம்.

கீழே பார்த்தோலோ மணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். துணி தொங்குகிறது, நின்றாயிற்று, பெயரைச் சொல்லியாக வேண்டும். எட்டுப் பேர் தோளில் மாதா கனக்கிறாள்.

"க... கஸ்பரே வீட்டுக்காக..." என்று ஆரம்பித்தார்.

"பார்த்தோலோ!" மாமா கம்பிமேல் குனிந்தார். "எழுதியிருக்கறதப் படி. நீ நாலாம் கிளாஸ் வரைக்கும் போனவன்தானே?"

"கஸ்பரே, மாதா முன்னால எதுக்குப்பா..."

"மாதாவுக்குத் தெரியாததா? என் முதுகுக்குப் பின்னால ஆயிரம் தடவ சொல்லியிருக்க. முன்னால ஒரு தடவ சொல்லு. தோள் வலிக்குது பாரு அவங்களுக்கு."

பார்த்தோலோ துணியை இன்னொரு முறை படித்தார். மணியை அடித்தார்.

"பூனைதின்னி வீட்டுக்காக! தூக்கு!"

சிலை உயர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானுலி கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே சிலுவை போட்டாள், அவர்கள் வழக்கப்படி வலமிருந்து இடமாக. அந்த நேரம் பார்த்து ஏழு பூனைகளில் ஒன்று, இஞ்சி நிறம், பால்கனிக் கம்பிமேல் ஏறி மாமாவின் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் யோசிக்காமல் அதன் காதைச் சொறிந்தார். கீழே என் அம்மாதான் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு பார்த்தோலோ, பிறகு சிலை தூக்குகிறவர்கள், சிலையே குலுங்கியது. மாமா நிமிர்ந்து பார்த்தார், கீழே பார்த்தார், பூனையைப் பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும்தான் அழுதேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாக, மூக்கு ஒழுக.

பதினாறாம் தேதி காலை ஏழு மணிக்குக் கடைக் கதவு திறந்தது. நான் பார்க்கத் தைரியமில்லாமல் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தையவிட மோசம், சான்த்தா" என்று ஒரு கட்டை விரல் சொன்னது. "ரெண்டு குடு. வீட்ல ஆள் இருக்கு."

அம்மா ரொட்டியைச் சுற்றினாள். "நினெத்தாவுக்கு என்ன சொன்ன?"

"விருந்தாளிங்கள விட்டுட்டு எங்க வர்றதுன்னு சொன்னேன்."

"பத்தொம்பதுல அவங்க போயிடுவாங்களே?"

அவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மடித்த தாள் ஒன்றை நீட்டினார். நானுலியின் தங்கச்சி செப்டம்பரில் வர ஆசைப்படுகிறாளாம், அக்கா கைப்பட எழுதித் தந்த கேள்விகள். எண்ணினேன், நாற்பத்தொன்று.

"போன எடு" என்றார். "மொதல்ல அடுப்பு. நாலு பர்னர்ல ரெண்டுதான் எரியும்னு எழுது."

எழுதினேன். தாளைப் போன் மொழிபெயர்த்துத் தர, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன், கடைசிக் கேள்வியில் கை நின்றது. வீட்டுக்கு எப்படி வழி கேட்பது?

"என்ன எழுத மாமா?"

ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பினார்.

"ஏன், ஏப்ரல்ல என்னக் கேட்டுட்டா எழுதின?"